டிப்பரில் வந்த மண்

அந்த மண் எங்கேயிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். தெரிந்தேதான் என் வீட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து கொட்டினாய்.

உன் பெயரை இதில் போடவில்லை. போட்டால் வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நிற்பாய். பெயர் இல்லாவிட்டாலும் படிக்கிறபோது உனக்குத் தெரியும். அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமத்தில் ஒருத்தி இன்றைக்கும் அந்த மண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கோபம் ஆறவில்லை என்பது ஒரு பக்கம். அவளுக்குப் பதில் வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் திருநகரில் மாவுக்கடை வைத்திருக்கிறேன். இட்லிமாவு அரைத்து விற்கிறேன். கடைக்குப் பின்னாலேயே வீடு, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் வெற்றிடம். ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் எங்கள் இடம் பள்ளமாகிவிட்டது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் பின்பக்கத்தில் வந்து நிற்கும். அதை மேடாக்கத்தான் உன்னிடம் மண் கேட்டேன். டிப்பர் வந்து கொட்டியபோது நீயே பைக்கில் வந்து நின்றாய்.

“கம்மாய் வண்டல்க்கா. ஒரு வெதையத் தூவிட்டுத் திரும்புறதுக்குள்ள காடாக் கெடக்கும் பாருங்க.”

“வண்டல் கருப்பால்ல இருக்கும். இது என்ன செவப்பா, பொடிப்பொடியா இருக்கு?”

“எல்லாக் கம்மாயும் ஒரே கலரா இருக்குமாக்கா? மாவரைக்கிறவங்களுக்கு எல்லாமே ஒரே கலரா இருக்கணும்.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

பொங்கல் முடிந்திருந்த நேரம் அது. சாமிக்கு வைத்த சீனிக்கிழங்கில் கொஞ்சம் மீந்து கிரைண்டருக்கு அடியில் பையோடு கிடந்தது. கடைகளில் சர்க்கரைவள்ளி என்று எழுதிப் போட்டிருப்பார்களே, அதுதான். எடுத்துப் பார்த்தால் முளை கட்டியிருந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. நாற்று எடுத்துப் பின்பக்கத்தில் நடலாம் என்று தோன்றியது.

சீனிக்கிழங்குக்கு நாற்று எடுப்பது பெரிய வித்தை இல்லை. பாதிக் கிழங்கு தண்ணீரில் முங்குகிற மாதிரி ஒரு பாட்டிலின் வாயில் செருகி வைத்தால் மேல்பக்கம் முளைவிடும். இல்லையென்றால் ஒரு தட்டில் மண்ணைப் போட்டு, கிழங்கைப் படுக்கவைத்துப் பாதி மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முளை ஒரு சாண் வந்ததும் லேசாகத் திருகினால் கையோடு வந்துவிடும். அதைத் தண்ணீர் டம்ளரில் போட்டு வைத்தால் வேர் விடும். பிறகு மண்ணை மேடாக அணைத்து நட்டுவிடலாம். நான் இரண்டு விதமாகவும் வைத்தேன். பாட்டிலை அடுப்படி ஜன்னலில் வைத்தேன். பழைய ஃப்ரிட்ஜின் காய்கறி டிரேயில் நீ கொட்டிய மண்ணைப் போட்டுக் கிழங்கைப் பதித்து, மாடிப்படிக்குக் கீழே வைத்தேன்.

வெயில் படுகிற பாட்டில் கிழங்கு நோஞ்சானாக இரண்டு முளை விட்டது. இருட்டில் கிடந்த டிரேதான் திமுதிமுவென்று கிளம்பியது. ஊதா நிறத்தில், நுனி மடங்கி, விரலை மூடி வைத்த மாதிரி முளைகள். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். காலையில் வண்டியைத் துடைக்கத் துணி எடுக்கப் படிக்குக் கீழே குனிவார்.

“என்னடி, ஒன் கிழங்கு கையி நீட்டுது. மாவு கேக்குதா?”

“ஒங்களுக்கே மாவு பத்தல. அதுக்கு வேறயா?”

முதலில் எல்லாம் இப்படிச் சிரிப்பாகத்தான் இருந்தது.

அடுத்து வாசம் வந்தது. டிரேயில் தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம் ஒரு வாசம் எழும். மண் வாசம் இல்லை. தெரிந்த வாசம், எங்கே தெரிந்தது என்று மட்டும் பிடிபடவில்லை. ஒருநாள் மாவு பாக்கெட் கட்டிக்கொண்டிருக்கும்போது சட்டென்று புரிந்தது. வசம்பு. கைப்பிள்ளை இருக்கிற வீட்டில் வருமே, வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவுகிறபோது, அந்த வாசம். எங்கள் வீட்டில் வசம்பே கிடையாது. என் மகளே கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். உனக்கு மூக்கில் கோளாறு என்றார்.

கொஞ்ச நாள் கழித்து அவரே வாயில் பிரஷ்ஷோடு மாடிப்படிப் பக்கம் நின்றார். எச்சிலைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

“வீட்டுக்குக் கைப்பிள்ளைய யாரும் தூக்கிட்டு வந்தாகளா?”

“இல்லையே.”

“இல்ல, வந்துட்டுப் போன மாதிரி இருக்கு.”

சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் குட்டிகளைப் பறிகொடுத்த ஒரு பொட்டை நாய் திரிந்தது. கேட் இடுக்கில் நுழைந்து வந்து நீ கொட்டிய மண்மேட்டை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். மண்ணைக் கண்டால் தோண்டிப் பறிக்கிற நாய்ச்சாதி, இந்த மண்ணில் ஒரு நகம் வைக்காது. கம்பை எடுத்து விரட்டினால் கேட் வரைக்கும் போய் நின்று திரும்பிப் பார்க்கும். என்னைப் பார்க்காது. மேட்டைப் பார்க்கும்.

நான் பயந்த ஆள் இல்லை. மண்ணைப் பரத்தி மேடு கட்டி நாற்றை நட்டேன். மிஞ்சிய நாற்றைக் கடைக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. நாற்றுக் கொடுத்தால் அது முளைத்த மண்ணில் ஒரு பிடி சேர்த்துக் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். புது இடத்தில் வாடாமல் பிடிக்கும் என்பார்கள். காலிப் பால் கவரில் நாற்றை வைத்து, அடியில் அந்த மண்ணைப் போட்டுக் கொடுத்தேன். கோரிப்பாளையத்திலிருந்து ஒரு பீவியம்மா, திருநகரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் என்னிடம் மாவு வாங்குவார். அவரும் மொட்டைமாடித் தொட்டிக்கென்று கை நிறைய வாங்கிப் போனார்.

“இம்புட்டையும் சும்மாவா தர்றீங்க? அல்லா ஒங்களுக்கு பரக்கத்தக் கொடுப்பான்.”

இப்படித்தான் நீ கொட்டிய மண் பிடிபிடியாக ஊருக்குள் போனது.

கொடி படர்ந்தால் சும்மா விடக்கூடாது. கணுவுக்குக் கணு வேர் பிடித்துவிடும், கிழங்கு பெருக்காது. அதனால் அடிக்கடி கொடியைத் தூக்கிப் புரட்டிப் போட வேண்டும். அப்போது அந்தச் சின்ன வேர்கள் மண்ணைவிட்டு வரும் சத்தம், சிக்கு விழுந்த தலைமுடியைப் பிய்த்தெடுக்கிற மாதிரி இருக்கும். எல்லாச் சீனிக்கிழங்குக் கொடிக்கும் அப்படித்தான். ஆனால் மதில் ஓரத்தில் புரட்டும்போது மட்டும் எனக்குக் கை கூசும். யாரோ தூங்குகிறபோது போர்வையை உருவுகிற மாதிரி. அதனால் மதில் ஓரத்தைப் பாதி நாள் புரட்டாமலே விட்டேன்.

ஆடியில் தோண்டினோம். அடுப்படிப் பக்கம் முதலில். நல்ல விளைச்சல். அவித்துத் தின்றோம். வெல்லம் போட்ட மாதிரி இனித்தது. கடைக்கு வந்தவர்களுக்கும் கொடுத்தேன். இதை மறைக்கப் போவதில்லை. நீ எங்களை அதைத் தின்ன வைத்தாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதில் ஓரம். வீட்டுக்காரர் மண்வெட்டியால் ஓரத்தைச் சரித்துவிட்டுக் கையால் பறித்தார். ஒரு கிழங்கைத் தூக்கியவர் அப்படியே குந்தியிருந்தார். அவர் எழுந்திருக்காததைப் பார்த்து நான் போனேன்.

கிழங்கின் நடுவில் ஒரு வளையல். கருப்பு வளையல், வெள்ளைப் பொட்டு வைத்தது. பிறந்த பிள்ளைக்குக் கண்ணுபடாமல் இருக்கப் போடுவோமே, அந்தச் சின்ன வளையல். கிழங்கு அதற்குள் நுழைந்து வளர்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பருத்து, வளையல் இருந்த இடத்தில் மட்டும் இறுகி மடிப்பு விழுந்திருந்தது. கொழுத்த பிள்ளையின் மணிக்கட்டில் விழுமே மடிப்பு. இதை எழுதக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் அப்படித்தான் இருந்தது.

“கழட்டட்டுமா?” என்றார் அவர்.

“அறுத்தாத்தான் வரும். வேண்டாம்.” அதோடு தோண்டுவதையும் நிறுத்தச் சொன்னேன்.

பக்கத்திலேயே கருகிப்போன மரத்துண்டு மாதிரி சில துணுக்குகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டிருந்தது. முகர்ந்து பார்த்தேன். வசம்பு. நூலில் கோத்துப் பிள்ளை கையில் கட்டுவது. எலும்பு ஒன்றும் இல்லை. பச்சைப்பிள்ளை எலும்பு மண்ணோடு மண்ணாகப் போய்விடும் என்று பிறகு சொன்னார்கள்.

கிழங்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு உன்னைத் தேடி நீ வழக்கமாக நிற்கிற டீக்கடைக்கு வந்தேன். ஞாபகம் இருக்கிறதா?

“யாராவது வளையலத் தூக்கிப் போட்டிருப்பாகக்கா. குப்பையில என்னதான் கெடக்காது?”

“கம்மாய் மண்ணுன்ன. இப்பக் குப்பைங்கிற.”

“கம்மாயில குப்பை கொட்ட மாட்டாகளா? போங்கக்கா, மாவு புளிச்சிரப் போகுது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். ஆனால் துண்டைப் பிரித்தபோது நீ அந்தக் கிழங்கை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாய். தெரியாதவன் இரண்டாம் தடவை பார்த்திருப்பான்.

டிப்பர் ஓட்டி வந்தவர் அதே கடையில்தான் டீ குடிப்பார். உன்னிடம் இப்போது வேலை பார்க்கவில்லை. அவரை ஓரமாகக் கூப்பிட்டு, எங்கே ஏற்றினீர்கள் அண்ணே என்று கேட்டேன். அலங்காநல்லூர் தாண்டி, புதிதாக மனை போட்டிருக்கிற இடம் என்று வழி சொன்னார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்.

“மொத நாளு ஒரு பொம்பளப் பிள்ள வந்து வண்டிக்கு முன்னாடி நின்னுச்சு. நிப்பாட்டச் சொல்லும்னு நெனச்சேன். சொல்லல. அண்ணே, மெதுவா அள்ளுங்கன்னுச்சு. அம்புட்டுத்தான்.”

நானும் வீட்டுக்காரரும் மறுநாளே பஸ் ஏறினோம். அந்த இடத்தில் ஒரு வளைவு, கலர்க் கொடிகள், மஞ்சள் பெயின்ட் அடித்த கல். தரை முழுக்க வழித்தெடுத்த மாதிரி மொட்டையாகக் கிடந்தது. ஒரு ஓரத்தில் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆடுகள் மனைக்குள் போனால் அவளும் உள்ளே போய்த்தான் விரட்ட வேண்டும். ஆனால் அவள் மனை எல்லையைத் தாண்டவில்லை. வெளியே நின்றே கல்லை விட்டெறிந்தாள். செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள்.

துண்டைப் பிரித்துக் காட்டினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கிட்டத்தில் வந்து, தொடாமல் பார்த்தாள்.

“எம் பிள்ளைக்கும் இதே வளையல்தான்க்கா.”

“அப்ப இது ஒம்பிள்ளையோடதா?”

“எல்லாப் பிள்ளைக்கும் இதேதான். ஒரே சந்தையிலதான வாங்குறோம்.”

டிப்பர்காரர் சொன்ன பெண் இவள்தான். பல் முளைக்காத பிள்ளை இறந்தால் அந்த ஊரில் எரிப்பதில்லை. இந்த இடத்தில் கொண்டுவந்து புதைத்து, நாய் பறிக்காமல் முள்ளை வெட்டிப் போட்டு மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். கல் நடுவதில்லை. அடையாளம் வைப்பதில்லை. அந்த இடத்துக்கு ஒரு பெயரும் கிடையாது. அதை வாயால் சொல்லக்கூடாது, கையை நீட்டிக் காட்டக்கூடாது. சொன்னால் அடுத்த பிள்ளையைத் தேடி வரும் என்று பயம். பெற்றவள் மட்டும் மனசுக்குள் வைத்திருப்பாள், எந்த மரம், எந்தப் பக்கம் என்று. இவளுடைய பிள்ளை காய்ச்சலில் போனது. வேலி ஓரத்தில் வைத்தார்கள்.

மனை போட வந்தவர்கள் ஊரில் விசாரித்திருக்கிறார்கள். அங்கே ஏதாவது இருக்கிறதா என்று இவளிடமே கேட்டிருக்கிறார்கள்.

“என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல, வெறும் முள்ளுதான்னு சொன்னேங்க்கா. எல்லாரும் அப்படித்தான் சொன்னோம். வேற எப்படிச் சொல்றது?”

இதைத்தான் நீ இன்றைக்கு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாய். ஊரே ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னது, காகிதத்தில் தரிசு என்றுதான் இருக்கிறது, எனக்கு எப்படித் தெரியும் என்கிறாய். வெளியூர்க்காரன் சொன்னால் நானும் நம்பியிருப்பேன்.

“மண்ணு அள்ளி வித்தவுகளுக்குத் தெரியும்க்கா,” என்றாள் அவள், உன்னைத்தான். “அவுக அக்காவ இந்த ஊர்லதான் கட்டிக் குடுத்திருக்கு. அந்தக்கா பிள்ளையும் இங்கதான் இருந்துச்சு. அந்தப் பனைக்குப் பக்கத்துல.”

பனை இருந்த இடத்தில் ஒரு குழிதான் இருந்தது.

அவள் கையை நீட்டவில்லை. தாடையால்தான் காட்டினாள். அதற்கே ஆடு மேய்க்கிற கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஊருக்கு வந்ததும் டிப்பர்காரரை மறுபடியும் பிடித்தேன். பனைப் பக்கத்து மண் எங்கே போனது என்று கேட்டேன். அவர் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு என்னைக் கடைக்கு வெளியே கூட்டிவந்தார். பிறகு சொன்னார். முதல் லோடு விற்பனைக்குப் போகவில்லை. நீயே நின்று, ஜேசிபிக்காரனை ஓரமாக இருக்கச் சொல்லிவிட்டு, பனை மூலையை மட்டும் ஆட்களை விட்டுக் கையால் வெட்ட வைத்தாய். தார்ப்பாய் போட்டு மூடித் தனியாகக் கொண்டு போனாய். அதற்குப் பிறகுதான் ஜேசிபி உள்ளே இறங்கியது. மற்றதெல்லாம் மண் கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போனது.

உன் அக்கா பிள்ளையை எடுத்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகளை எங்களுக்கு விற்றாய்.

அவளை ஒருநாள் வீட்டுக்கு வரச் சொன்னேன். ஆட்டை யாரிடமோ விட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் வந்தாள். பின்பக்கம் போனதும் செருப்பைக் கழற்றினாள். அந்த நாய் படுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டுத் தள்ளிப் படுத்தது. கம்பை எடுக்காமல் எங்களுக்கு அது எழுந்திருக்காது. அவள் மதில் ஓரத்தில் உட்கார்ந்து, கொடியை விலக்கி, உள்ளங்கையை மண்ணில் வைத்தாள். வெயில் சாய்கிற வரைக்கும் அப்படியே இருந்தாள். நான் கடையைப் பார்த்துவிட்டு வந்து வந்து எட்டிப் பார்த்தேன். காற்றே இல்லை. அவள் கையைச் சுற்றி இருந்த இலைகள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தன. எறும்போ என்னவோ. நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

“ஒரு சாக்குல அள்ளித் தர்றேன், எடுத்துட்டுப் போத்தா,” என்றேன்.

“இது வேலிப் பக்கத்து மண்ணா, நடு மண்ணாக்கா?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“அப்ப வேண்டாம். இது எம்பிள்ளை இல்லைன்னா இன்னொருத்தி பிள்ளை. நான் எப்படித் தூக்கிட்டுப் போறது? அவ தேடிட்டு வருவால்ல.”

தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாள். வாசலில் நின்று, “நல்லா ஈரமா வெச்சிருக்கீகக்கா,” என்றாள். நன்றி சொல்கிற மாதிரி சொன்னாள். உன்னை நான் மன்னிக்காததற்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

நாற்று வாங்கியவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். சிலர் என்னைத் திட்டினார்கள். சிலர் தொட்டியோடு குப்பையில் போட்டுவிட்டார்கள். கோரிப்பாளையத்துப் பீவியம்மா ஆட்டோ பிடித்து வந்தார். தொட்டி மண் முழுவதையும் ஒரு புது வாளியில் போட்டு, மேலே வெள்ளைத்துணி கட்டிக் கொண்டு வந்தார்.

“எங்க பிள்ளைகளையும் மண்ணுலதானம்மா வெச்சிருக்கோம். ஒரு சிட்டிகை கீழ சிந்தல, பாத்துத்தான் அள்ளுனேன்,” என்றார்.

அந்த மண்ணையும் மதில் ஓரத்தில்தான் சேர்த்திருக்கிறேன். அங்கே இனி யாரும் தோண்ட மாட்டோம். கொடி மதிலைத் தாண்டிவிட்டது. தண்ணீர் ஊற்றுகிறேன். வாசம் வருகிறது. வீட்டுக்காரர் இப்போதெல்லாம் காலையில் அந்தப் பக்கம் போகும்போது காலை ஓசைப்படாமல் வைக்கிறார்.

உன் அக்கா பிள்ளையை எங்கே வைத்தாய் என்று நான் கேட்கவில்லை. அது உன் வீட்டு விஷயம், அவர்களாவது நிம்மதியாக இருக்கட்டும். எனக்கு மற்ற மண்ணின் கணக்கு வேண்டும். டிப்பர்காரர்கள் மாறி மாறி வந்தார்கள், அவர்களுக்குத் தெரியாது. அள்ளி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றவன் நீ ஒருவன்தான். அந்த ஊரில் கிராம சபை கூடப்போகிறது. இத்தனை காலமும் வாயைத் திறக்காத பெண்கள் அன்றைக்கு வந்து, எந்த இடம் என்று கையை நீட்டிக் காட்டப் போகிறோம் என்கிறார்கள். அவர்களுக்கு அது எவ்வளவு பயமான காரியம் என்று உனக்குத் தெரியும், நீயும் அந்தப் பக்கத்து ஆள்தான். நீயும் வா. எனக்குத் தனியாகப் போன் போடாதே, ஆள் அனுப்பாதே. அத்தனை பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துச் சொல்: வேலிப் பக்கத்து மண்ணை யார் வீட்டில் கொட்டினாய்?